ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அரசு வழியில் கல்வி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் கவலை பேச்சைப் பற்றியது. இரண்டாவது கவலை பள்ளிக்கூடம். அரசு என்ன தருகிறது, யாரைப் போய்ப் பார்ப்பது, எது உரிமை, எது அதிகாரியின் தயவு என்பதையெல்லாம் ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள மகனை வளர்க்கும் தாய் நான். பெற்றோர் சந்திப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டங்கள் இந்தியா முழுமைக்கும் பொது. அலுவலகங்களின் பெயர்களும் நடைமுறையும் தமிழ்நாட்டுக்கு உரியவை.

பள்ளியில் சேர்க்கும் முன்பே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். பலர் இதில்தான் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். "அட்டை வரட்டும், கொஞ்சம் பேச்சு வரட்டும், கழிவறைப் பழக்கம் வரட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூடச் சட்டம் விதித்த நிபந்தனை அல்ல.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே முதல் வேலை, அருகில் உள்ள அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை ஏற்றுவது. பெயர் ஏறி எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) கிடைத்துவிட்டால் சிறப்புப் பயிற்றுநர், பயிற்சி மையம், மருத்துவ முகாம், உதவித்தொகை எல்லாவற்றையும் கேட்டு வாங்குவது எளிது. பெயர் இல்லாத குழந்தை அரசின் கணக்கில் பள்ளி செல்லாக் குழந்தை மட்டுமே.

அட்டை அவசியமா என்றால், அவசியம்தான். 18 வயது வரையிலான இலவசக் கல்வி, தேர்வுச் சலுகை, உயர்கல்வி ஒதுக்கீடு இவற்றுக்கு அது வேண்டும். ஆனால் பள்ளிக்குப் போய்க்கொண்டே அதை வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தைக்கு இன்னும் மூன்று வயதுதான். இப்போது எங்கே போவது?

இரண்டு இடங்களுக்கும் ஒரே சமயத்தில் போங்கள். ஒன்று அங்கன்வாடி. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆட்டிசம் பற்றி அதிகம் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரும் பழக்கமும், வீட்டார் அல்லாத ஒருவர் கையால் சாப்பிடும் பழக்கமும் அங்கே வரும்.

மற்றொன்று மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்த மையங்கள் இயங்குகின்றன. அந்தத் திட்டம் பரிசோதிக்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. மதிப்பீடும் பயிற்சியும் இலவசம்.

தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியுடன் நடத்தும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்து வருகிறது. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி), இயன்முறை சிகிச்சை, சிறப்புக் கல்வி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். உங்கள் ஊருக்கு அருகில் ஒன்று திறந்திருக்கிறதா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னையை ஒட்டி இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. அங்கே மதிப்பீடும் உண்டு, சிறப்புப் பள்ளியும் உண்டு.

சரி, அட்டை வாங்குவது எப்படி?

விண்ணப்பத்தை மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். பள்ளியில் படிக்கும் குழந்தையாக இருந்தால், வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கே அழைத்துப் போகலாம். மருத்துவர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறையினர், சிறப்புப் பயிற்றுநர்கள் எல்லாரும் ஓரிடத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும். அரசுப் படிவங்களில் ஆட்டிசம் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மதிப்பீட்டுக்குப் பயன்படுவது ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோல். அதில் 40 கூறுகள். கண் பார்த்துப் பேசுவது, பெயர் சொன்னால் திரும்புவது, சொன்னதையே சொல்வது, சத்தத்துக்கு மிரள்வது என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் உண்டு என்று கணக்கு. அந்த மதிப்பெண்ணை வைத்துப் பாதிப்பைச் சதவீதத்தில் குறிப்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் குறைந்தபட்ச வரம்பு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பீட்டு அறையில் பெற்றோர் பலர் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "வீட்டில் எல்லாம் நன்றாகச் செய்வான் டாக்டர்" என்கிறார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் மருத்துவர் அங்கே பார்ப்பது அரை மணி நேரம். மீதி எல்லாம் உங்கள் வாய்மொழிதான். இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான், மிக்ஸி போட்டால் என்ன ஆகிறது, புதுச் சட்டை போட்டால் எவ்வளவு நேரம் அழுகிறான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முந்தின வாரமே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. கைப்பேசியில் எடுத்த இரண்டு மூன்று காணொளிகளும் இருந்தால் இன்னும் நல்லது. சிறு வயதில் தரும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. அதில் உள்ள காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? எது நல்லது?

தேர்வு உங்களுடையது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள், அருகமைப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. "இவனுக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி" என்று தலைமையாசிரியர் ஆலோசனை சொல்லலாம். முடிவை அவர் எடுக்க முடியாது.

என் கருத்தைக் கேட்டால், அருகில் உள்ள சாதாரணப் பள்ளியில் தொடங்குங்கள் என்பேன். தெருப் பிள்ளைகளுக்கு உங்கள் குழந்தையைத் தெரிந்திருக்கும். கடைக்குத் தனியாகப் போகிற வயது வரும்போது அந்தப் பழக்கம் பேருதவி செய்யும். சிறப்புப் பள்ளிகளில் ஆசிரியருக்குப் பயிற்சி அதிகம், வகுப்பில் பிள்ளைகள் குறைவு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்கும், நாள் முழுவதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய குழந்தைக்கும் சில வருடங்கள் அது தேவைப்படலாம். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. கிராமத்துக் குழந்தை தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வரும் களைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளியில் குழந்தையைப் பார்த்துவிட்டு "எங்களிடம் அதற்கான வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

சரியில்லை. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதையே கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவு. அங்கே சிறுபான்மைப் பள்ளி, பெரும்பான்மைப் பள்ளி என்ற பிரிப்பு கிடையாது.

பள்ளிகள் இதை நன்றாக அறிந்திருப்பதால்தான் மறுப்பை ஒருபோதும் எழுத்தில் தருவதில்லை. வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனவே வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: "என் குழந்தைக்கு இரண்டாம் வகுப்பில் சேர்க்கை கோரி இன்று நேரில் வந்தேன். சேர்க்கை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வழங்க இயலாது எனில் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பார்த்ததுமே பேச்சின் தொனி மாறிய பள்ளிகளைக் கண்டிருக்கிறேன். மாறாவிட்டாலும், பிறகு புகார் கொடுக்கும்போது கையில் ஒரு தாள் இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடங்களில் எங்களுக்கு இடம் உண்டா?

உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வகையில் வருகிறார்கள். இந்த வகைக்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது. நலிவடைந்த பிரிவினருக்குத்தான் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி. விண்ணப்பம் இணையத்தில், நுழைவு நிலை வகுப்புக்கு (எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு) மட்டும். இதற்கு மாற்றுத்திறனாளி சான்று வேண்டும் என்பதால், குழந்தைக்கு மூன்று வயது முடியும்போதே மதிப்பீட்டை முடித்துவிடுவது உத்தமம்.

வட்டார வள மையம் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

2018இல் பல திட்டங்களை ஒன்றாக்கி வந்தது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். அதில் உள்ளடக்கிய கல்வி ஒரு பிரிவு. முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கானது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் அதன் கை, வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பயிற்றுநர்கள் தமக்கு ஒதுக்கிய பள்ளிகளுக்குச் சுற்றில் போய், குழந்தையோடு வேலை செய்து, வகுப்பாசிரியருக்கும் வழி சொல்லித் தருவார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. அது உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. உபகரணம், பயிற்சிப் பொருள், பயணப்படி, துணையாள் படி, முகாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பெண் குழந்தைகளுக்குத் தனியே மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. இதைக் கேட்காமல் விடும் குடும்பங்கள் நிறைய.

உங்கள் குழந்தையின் பெயர் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆசிரியர்கள் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பதிவு செய்ய, பள்ளிக் கல்வித் துறை 'நலம் நாடி' என்ற செயலியைக் கொடுத்திருக்கிறது. அதில் ஏறாத குழந்தையைத் தேடிச் சிறப்புப் பயிற்றுநர் வரமாட்டார்.

எங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவதுதான் வருகிறார். இதில் என்ன பயன்?

நியாயமான கோபம். ஆனால் அந்தப் பயிற்றுநர் மீது அதைக் கொட்ட வேண்டாம். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார். பெரும்பாலோர் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருபவர்கள். வெயிலில் பஸ் பிடித்து ஊர் ஊராக அலைகிறவர்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் இந்தச் சிறப்பாசிரியர் பற்றாக்குறையைத்தான் விரிவாகப் பார்த்தது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள 5 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்ற நிபுணர் அளவீட்டை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022இல் அறிவிக்கையாக வெளியிட்டது. பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியது: பயிற்றுநர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு நீங்களும் பள்ளிக்குப் போங்கள். குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். "மொழித்திறன் வளர்த்தல்" போன்ற பொதுவான வரிகளை ஏற்காதீர்கள். "தண்ணீர் வேண்டும் என்பதைப் படம் காட்டியோ சொல்லியோ கேட்பான்", "வரிசையில் தன் முறை வரும் வரை நிற்பான்" என்று பார்த்தால் தெரிகிற இலக்குகளாக இருக்கட்டும். அவற்றை வீட்டிலும் செய்யலாம், வகுப்பாசிரியரும் செய்யலாம்.

வகுப்பில் என்னென்ன மாற்றங்களைக் கேட்கலாம்? ஆசிரியரைத் தொந்தரவு செய்வதாக ஆகாதா?

ஆகாது. 'நியாயமான வசதிகள்' என்று சட்டமே இதற்கு இடம் தந்திருக்கிறது. பெரும்பாலானவை காசு செலவில்லாதவை.

எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மணி என்பது கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அதை அடித்ததும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடிவிடுவான். அவனைப் பிடித்து வருவதே ஒரு வேலையாக இருந்தது. பள்ளிக்கே அனுப்ப வேண்டாம் என்ற பேச்சும் வந்தது. வகுப்பாசிரியை என்ன செய்தார் தெரியுமா? மணி அடிக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார். கம்பியின் நுனியில் பழைய துணியைச் சுற்றினார். சத்தம் எப்போது வரும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அவன் கையாலேயே வந்தது. ஓட்டம் நின்றுவிட்டது. அந்த ஆசிரியைக்கு ஆட்டிசத்தில் பட்டயம் எதுவும் கிடையாது. பையன் எதற்கு ஓடுகிறான் என்று நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

இப்படித்தான் ஒவ்வொன்றையும் காரணத்திலிருந்து பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பக்கத்தில் நிற்க முடியவில்லையா, கடைசி வரிசையில் நிற்கட்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறானா, இடத்தை மாற்றலாம். காலை உணவில் உப்புமா வாயில் வைத்ததும் குமட்டுகிறதா, வீட்டிலிருந்து ஒரு இட்லி கொண்டு வர அனுமதி கேட்கலாம். அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரைந்து பெஞ்சில் ஒட்டினால் "அடுத்து என்ன" என்ற பதற்றம் குறையும். விளையாட்டு வேளை ரத்தாகிறது என்றால் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும். கூட்டம் தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் போய் உட்கார ஓர் அமைதியான மூலை வேண்டும். தலைமையாசிரியர் அறையின் ஓரம் கூடப் போதும்.

இவற்றை ஒரே தாளில், ஐந்தாறு வரிகளில், வகுப்பாசிரியரிடம் ஜூன் மாதமே கொடுங்கள். புதுக் கல்வியாண்டில் புது ஆசிரியர் வந்தால் மறுபடியும் கொடுங்கள்.

"அம்மா கூடவே உட்கார்ந்தால்தான் சேர்ப்போம்", "துணை ஆசிரியரை நீங்களே சம்பளம் கொடுத்து வையுங்கள்", "பதினோரு மணிக்கு வந்து அழைத்துப் போய்விடுங்கள்" என்கிறார்கள்.

மூன்றுமே குழந்தையைப் பாதி வெளியே நிறுத்துவதற்கான வழிகள். ஆரம்பத்தில் சில வாரங்கள் பழகுவதற்காக நேரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேவையான ஆதரவைத் தரும் கடமை கல்வி நிறுவனத்துடையது. பெற்றோரின் சம்பளத்தில் ஆள் வைப்பதைச் சேர்க்கைக்கு நிபந்தனை ஆக்க முடியாது. தாயின் வேலையும் வருமானமும் போய்க் குடும்பமே சாய்ந்த வீடுகள் உண்டு. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கு அனுப்பவே முடியாத நிலை. வீட்டில் வந்து சொல்லித் தருவார்களா?

கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வி பெறும் உரிமையும் 2012 திருத்தத்தில் இருக்கிறது. பெயர் அருகில் உள்ள பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். வட்டார வள மையத்தை ஒட்டிய பகல்நேர மையங்களும் உண்டு. அங்கே சிகிச்சையும் தினசரிப் பழக்கவழக்கப் பயிற்சியும் கிடைக்கும்.

இது பெற்றோருக்கான வழியே தவிர, பள்ளி கைகழுவுவதற்கான வழி அல்ல. நடக்கவும் ஓடவும் முடிகிற குழந்தையை "வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுவழிக் கல்விக்கு மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அடிக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். என்ன செய்யலாம்?

உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், இழிவுபடுத்தும் நோக்கில் தாக்குவதும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பேசத் தெரியாத குழந்தை வந்து சொல்லாது. தினமும் குளிக்கவைக்கும்போது உடம்பைப் பாருங்கள். பள்ளி வாகனத்தைக் கண்டதும் புதிதாகப் பயந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கேலிக்கு மருந்து, வகுப்புப் பிள்ளைகளிடம் நேராகப் பேசுவது. அனுமதி வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பேசலாம். "இவனுக்குச் சத்தம் வலிக்கும், அதனால்தான் காதை மூடுகிறான்" என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

பொதுத் தேர்வில் என்ன சலுகைகள்?

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றுடன் அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். மத்திய வாரிய (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளிலும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு.

ஜனவரியில் ஓடுவதுதான் எல்லாரும் செய்வது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே கோப்பைத் தயார் செய்துவிடுங்கள். அதைவிட முக்கியம், எழுதுபவரோடு பழகுவது. அறிமுகமில்லாத ஒருவர் தேர்வன்று காலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நம் பிள்ளைகள் வாய் திறப்பதே சந்தேகம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் எழுதுபவரை வைத்தே எழுத அனுமதி கேளுங்கள். மொழி விலக்கை எடுக்கும் முன், பிற்காலத்தில் குழந்தை சேரக்கூடிய படிப்புக்கும் வேலைக்கும் அந்த மொழி தேவைப்படுமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

பத்தாம் வகுப்புப் பாடத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை. வேறு வழி?

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் வாரியம்தான்; சான்றிதழ் உயர்கல்விக்குச் செல்லும். 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்பு நிலையில் சேரலாம். ஐந்து பாடங்கள் தேர்ச்சி பெற்றால் போதும். ஓவியம், மனையியல், கணினியில் தரவு உள்ளீடு போன்ற பாடங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்றிரண்டாக எழுதி முடிக்கலாம். கணக்கு என்றாலே கத்துகிற, ஆனால் நாள் முழுக்கப் படம் வரைகிற பிள்ளைக்கு இது பெரிய வாசல். எட்டாம் வகுப்பு முடிந்ததும் இதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று மனம் உடைந்த பிறகு வேண்டாம்.

பண உதவி என்ன கிடைக்கும்?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஒன்றாம் வகுப்பு முதலே கல்வி உதவித்தொகை தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆட்டிசத்தோடு அதுவும் சேர்ந்திருப்பதாக மருத்துவர் கண்டால், சான்றிதழில் அதையும் பதியச் சொல்லுங்கள்.

அதிகம் பேர் விட்டுவிடுவது 'நிராமயா' காப்பீடு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டம் இது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் படுக்க வேண்டிய அவசியம் இல்லாத பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சிச் செலவுகளுக்கும் அதில் வரம்புக்குட்பட்டுப் பணம் கேட்கலாம். ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள்.

தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை. சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆட்டிசத்தை முற்றிலும் குணமாக்கித் தருவதாக விளம்பரம் செய்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு?

அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், ஆட்டிசம் இடம்பெறும் பிரிவுக்கு 1 சதவீதம். தானே முடிவெடுக்க இயலாத பிள்ளை என்றால், 18 வயது முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

புகாரை எங்கே கொடுப்பது?

பள்ளியில் பேசித் தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணிலும் சொல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, எண்ணிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

தனியாகப் போவதைவிட, அதே ஒன்றியத்தில் உள்ள நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போனால் பதில் சீக்கிரம் வருகிறது.

வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்கிறோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். எமிஸ் எண்ணும் அதேதான்; பழைய பள்ளி அதைப் பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும். கிளம்பும் முன் பழைய சிறப்புப் பயிற்றுநரிடமிருந்து தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலையும், புது ஊரின் வட்டார வள மைய எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக் கோப்பை மாற்ற இரு மாவட்ட நல அலுவலகங்களிலும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் மே மாதத்திலேயே குழந்தையைப் புதுப் பள்ளிக்கு அழைத்துப் போய், வகுப்பறை, கழிவறை, தண்ணீர்க் குழாய் மூன்றையும் ஆள் இல்லாத நேரத்தில் காட்டிவிட்டு வாருங்கள்.